ரோதைக்குத் தண்ணீர், லயத்துக்குக் குப்பி லாம்பு

எல்கடுவ மலையில் மின்சார வெளிச்சம் முதலில் தேயிலைக் கொழுந்துக்கு வந்தது. அடுத்ததாகத் துரை பங்களாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் கழித்துத்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தது. இந்த வரிசையைப் புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா எங்கள் தோட்டத்து ஸ்டோரில் எஞ்சின் டிரைவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்பா ஓட்டிய தண்ணீர்ச் சக்கரம் நின்ற வருடங்களில் நான் வாலிபன். லயத்தில் முதல் குழல்விளக்கு எரிந்தபோது என் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

இப்போது இலங்கை முழுக்கச் சோலார் பேச்சு. 2030க்குள் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கக்கூடிய வழிகளில் எடுப்பதாக அரசு சொல்லியிருக்கிறது. நிலக்கரியில் வளர்ந்த பெரிய கம்பனிகளே வெயிலுக்கு மாறுகின்றன. நல்ல காரியம், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எங்கள் மலையில் எண்ணெயும் கரியும் இல்லாமலே இயந்திரம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அதை வைத்திருந்தோம், விட்டுவிட்டோம். அந்தக் கதையைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால் எல்கடுவ. நக்கில்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு இது. தலைக்கு மேலே ஹுன்னஸ்கிரி மலை, கீழே மாத்தளைப் பள்ளத்தாக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியாக நடந்துவந்த எங்கள் முன்னோருக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தபோது, நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் கோப்பித் தோட்டங்களில் வேலைக்கு நின்றிருந்தார்கள். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம். கோப்பி போய்த் தேயிலை வந்ததும் தோட்டத்துக்கு ஒரு புதிய தேவை வந்தது. கோப்பிப் பழத்தை உரித்துக் கழுவிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். தேயிலைக் கொழுந்து அப்படிக் காத்திருக்காது. பறித்த அன்றே வாட்ட வேண்டும், மறுநாள் விடியுமுன் உருட்ட வேண்டும், புளிக்கவிட்டு உடனே சுட வேண்டும். அவ்வளவையும் தோட்டத்திலேயே செய்தாக வேண்டும். அப்படியென்றால் தோட்டத்திலேயே சக்தி வேண்டும்.

அந்தச் சக்தி ஓடையில் இருந்தது. எங்கள் மலையில் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் தண்ணீர் சத்தம் கேட்கும். மேல் டிவிஷனில் ஓடையை மறித்துச் சின்ன அணை. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிவரும் தண்ணீர்க் கான். கான் வந்து விழும் இடத்தில் கருங்கல்லால் கட்டிய ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து செங்குத்தாக ஸ்டோருக்கு இறங்கும் இரும்புக் குழாய். குழாயின் வாயில், ஒரு கொட்டகைக்குள், கிண்ணம் கிண்ணமாகப் பதித்த பெல்டன் சக்கரம். குழாயிலிருந்து பீறிடும் தண்ணீர் கிண்ணத்தில் அடிக்க, சக்கரம் சுற்றும். சக்கரத்தின் அச்சு ஸ்டோரின் முழு நீளத்துக்கும் ஓடும் இன்னொரு அச்சைச் சுற்றும். அதிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஆட்டும். வாட்டும் மாடிக்குக் காற்றூதும் விசிறி, கொழுந்து உருட்டும் ரோதை, சலிப்பான் எல்லாவற்றுக்கும் ஓடைதான் மூச்சு. சுடும் அடுப்புக்கு மட்டும் விறகு.

தோட்டங்களின் இயந்திரங்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. கொழுந்து சுடும் ‘சிரோக்கோ’ அடுப்பு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் என்பவர் நடத்திய தொழிற்சாலையில் பிறந்தது. உருட்டும் ரோதை ஜாக்சன் என்பவரின் யோசனை. கொழும்பில் வோக்கர்ஸ், கொழும்பு கொமர்ஷல் போன்ற பொறியியல் கம்பனிகள் இவற்றைத் தோட்டங்களுக்குப் பொருத்திக் கொடுத்தன. லொறி ஏறாத மேட்டுக்கு அந்த இரும்பையெல்லாம் தோளிலும் கயிற்றிலும் ஏற்றியவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் தோட்டத்துக் குழாய் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் இழுத்தார்கள் என்று அப்பாயி பாட்டாகவே வைத்திருந்தார்.

அப்பாவின் வேலை இரவு வேலை. பகலில் பறித்த கொழுந்து மாடியில் வாடி முடிய நள்ளிரவு தாண்டும். அதற்குப் பிறகுதான் ரோதை ஓடும். அதனால் பகலெல்லாம் தொட்டியில் தண்ணீர் பிடித்துவைப்பார்கள். இரவில் அதைத் திறந்துவிடுவார்கள். பகலில் சேர்த்து இரவில் செலவழிக்கும் இந்த ஏற்பாட்டை அப்பா ஒரு பெரிய விஷயமாகச் சொன்னதில்லை. ஆனால் மாசி, பங்குனியில் ஓடை மெலியும்போது அவர் சாயந்தரத்தில் தொட்டியைப் பார்க்க மேலேறிப் போவார். தண்ணீர் எத்தனை சாண் நிற்கிறது என்று குச்சியால் அளந்து, இன்று இத்தனை ரோதைக்குத்தான் காணும், மிச்சத்துக்கு டீசல் எஞ்சின் போடவேண்டும் என்று டீமேக்கர் ஐயாவிடம் வந்து சொல்வார். டீசல் போட்டால் செலவு. அதனால் தண்ணீரின் ஒவ்வொரு சாணுக்கும் கணக்கிருந்தது.

அவர் மிகவும் மதித்த பொருள் கவர்னர். ஒரு தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலேறும். அவை மேலேறினால் தண்ணீரின் வாய் தானாகக் குறுகும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வாய் விரியும். நாலு ரோதை ஓடும்போது திடீரென்று இரண்டு ரோதையை நிறுத்திவிட்டால், சுமை குறைந்த சக்கரம் தலைதெறிக்கச் சுற்றப் பார்க்கும். பட்டி அறுந்து பறக்கும். அருகில் நிற்பவனின் கை போகும். அதனால் ரோதையை நிறுத்துமுன் ரோதைக்காரர் அப்பாவுக்குக் குரல் கொடுப்பார். “டிரைவரண்ணே, ரெண்டு எறக்குறேன்!” என்பார். அப்பா வால்வில் கை வைத்துக்கொண்டே “ம், எறக்கு!” என்பார். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, வேண்டிய அந்த நொடியில். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மின்சாரத்தின் முழுப் பாடமும் இதில் இருக்கிறது. பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தபோது இந்தப் பாடத்தை நான் அப்பாவிடமிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டோரின் மூலையில் ரோதை முனி இருந்தார். செடி வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி, நாற்று வளர்க்கும் தவறணைக்கு ஒரு முனி என்று மலையகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. இயந்திரத்துக்குக் காவல் ரோதை முனி. ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. கை போன கதைகள் நிறைய இருந்ததால் பக்தியும் நிறைய இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சேவல் வெட்டிப் பொங்கலிட்டுத்தான் சக்கரத்தைத் திறப்பார்கள்.

அந்தச் சக்கரத்தோடு ஒரு டைனமோவும் இணைந்திருந்தது. அதிலிருந்து ஸ்டோருக்குள் பல்புகள் எரிந்தன. ஒரு கம்பி மேட்டின் மேல் துரை பங்களாவுக்குப் போனது. அந்தக் கம்பி எங்கள் லயத்தின் கூரைக்கு மேலாகத்தான் போனது. கீழே எங்கள் லய அறையான காம்பராவில் ஜாம் போத்தலில் திரி போட்ட குப்பி லாம்பு. பாடம் படித்துவிட்டு எழுந்தால் மூக்குக்குள் கரி. காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போகும் அம்மா நாலு மணிக்கே எழுந்து அந்த லாம்பு வெளிச்சத்தில் றொட்டி சுடுவார். மண்ணெண்ணெய் கூப்பன் முடிந்த வாரத்தில் அடுப்பு வெளிச்சமே வெளிச்சம். இரவு முழுக்க மின்சாரம் செய்துவிட்டு வரும் அப்பா, விடிகாலை இருட்டில் தடவித் தடவித்தான் உள்ளே வருவார்.

இந்த நாட்டின் தண்ணீரில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டவர் டி. ஜே. விமலசுரேந்திர. பொறியியலாளர். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்துக் காட்டியவர். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். களனி ஆற்றின் மேல்பகுதித் தண்ணீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று அதில் சொன்னார். கேட்டவர்கள் எளிதில் ஏற்கவில்லை. சக்தி என்றால் நிலக்கரியும் எண்ணெயும் என்று ஊறிய காலம். 1931இல் அரசாங்க சபைக்கே தேர்தலில் நின்று போய் அங்கும் இதைப் பேசினார். லக்ஷபான நிலையம் 1950இல்தான் திறந்தது. அதற்கு மூன்று வருடத்தில் அவர் இறந்துபோனார். இந்தச் சங்கதியை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். முப்பத்திரண்டு வருடம் ஒரு மனிதரைக் காக்க வைத்த நாடு இது.

லக்ஷபானவுக்குப் பின் கம்பிகள் மெல்ல மெல்ல மலைநாடெங்கும் பரவின. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் மலைக்கு அடியிலேயே வந்தது. கண்டிக்கருகே பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து சுமார் எட்டு கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, தண்ணீரை மாத்தளைப் பக்கத்து உக்குவெலவில் விழவைத்தார்கள். 1976இல் உக்குவெல நிலையம் ஓடத் தொடங்கியது. அளவு ஏறத்தாழ 40 மெகாவாட். விழுந்த தண்ணீர் சுது கங்கையில் சேர்ந்து, அம்பன் கங்கை வழியாக வடக்கே வயலுக்குப் போனது. வழியில் போவத்தென்னவில் 1981இல் இன்னொரு 40 மெகாவாட். மலைக்கு மறுபக்கம் தெல்தெனியவை மூழ்கடித்து விக்டோரியா. 210 மெகாவாட் கொண்ட அந்த அணையை 1985இல் மார்கரட் தாட்சர் வந்து திறந்துவைத்தார். நாங்கள் இருந்த மலையைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மின்சாரம் பிறந்தது.

அதே காலத்தில்தான் தோட்டங்கள் கைமாறின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து, துரைமார் போய், அரசின் கூட்டுத்தாபனங்கள் வந்தன. புது நிர்வாகங்களுக்குப் பழைய தண்ணீர்ச் சக்கரத்தைப் பேணும் பொறுமை இருக்கவில்லை. கானில் மண் விழுந்தால் ஆள்விட்டு அள்ள வேண்டும். குழாய் ஒழுகினால் ஒட்ட வேண்டும். மின்சார சபையின் கம்பி ஸ்டோர் வாசலுக்கே வந்தபோது, ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும் என்றாகிவிட்டது. மலையகத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இருந்த சின்னச் சின்ன நீர்மின் ஏற்பாடுகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்கள் சக்கரமும் நின்றது. அப்பாவை இரவுக் காவல் வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் குழாய்களைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். அதை மட்டும் அப்பா போய்ப் பார்க்கவில்லை.

லயம் அப்போதும் இருட்டுத்தான். ஸ்டோர் வரை வந்த கம்பி, அதற்குக் கீழே கூப்பிடு தூரத்தில் இருந்த காம்பராக்களுக்கு இறங்கவில்லை. எண்பதுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய ஒன்றிரண்டு வீட்டுக்காரர்கள், கார் பெட்டரியைத் தோளில் சுமந்துபோய்ப் பஸாரில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து ஞாயிறு படம் பார்த்தார்கள். லயமே அந்த வீட்டில் குவிந்துவிடும். கடைசிக் காட்சிக்குள் பெட்டரி இறங்கிவிடாமல் இருக்கவேண்டுமே என்பதுதான் எல்லோருடைய வேண்டுதலும்.

எங்கள் காலத்துச் சூரிய மின்சாரம் அந்தப் பெட்டரியில்தான் தொடங்கியது. உலக வங்கியின் கடனில் 1997 முதல் கம்பி போகாத கிராமங்களுக்கு வீட்டுச் சோலார் கொடுக்கும் திட்டம் நடந்தது. கூரைமேல் ஒரு தகடு, உள்ளே ஒரு பெட்டரி, சில விளக்குகள், ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. சர்வோதய அமைப்பின் கடன் பிரிவு தவணைக்குக் கொடுத்தது. எண்ணெய்க் கம்பனியான ஷெல் கூட இதற்கென்று இங்கே ஒரு கிளை வைத்துத் தகடு விற்றது. சில வருடங்களில் நாடு முழுக்க ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அவை ஏறின. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் நாலைந்து வீட்டில் பார்த்தோம். எங்கள் லயத்து ஆட்களும் ஆசைப்பட்டார்கள். தவணை கட்டவும் சிலர் தயார். கூரையில் பூட்டத் தோட்டத்து அனுமதி வேண்டும் என்றார்கள். காம்பரா தோட்டத்தினுடையது, கூரைத் தகரமும் தோட்டத்தினுடையது. அனுமதி கிடைக்கவில்லை. கடன் கொடுப்பவருக்குக் காட்டவும் எங்களிடம் காணி உறுதி இல்லை. ஒரு தகட்டை வெயிலில் வைக்க நூறு வருடம் வாழ்ந்த இடத்தில் ஒரு அடி சொந்தக் கூரை இல்லையே என்று அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது.

பிறகு லயத்துக்குக் கம்பி வந்தது. அரசியல்வாதிகள் வந்து சுவிட்சைப் போட்டார்கள். சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கிழவிகள் பல்பைக் கும்பிட்டார்கள். ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் காம்பராவுக்குள், ஒழுகும் தகரத்துக்குக் கீழே, ஒரு இணைப்பிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்து, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு இழுத்து ஓடிய கம்பி அது. மலையகத்துச் செய்திகளில் ‘மின்னொழுக்கு’ என்ற சொல் அடிக்கடி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு காம்பராவில் பிடித்த தீ பத்துக் காம்பராவைத் தின்றுவிட்டுத்தான் ஓயும், ஏனென்றால் கூரை ஒன்றே. எங்கள் கீழ் லயம் அப்படி எரிந்தது. ஆட்கள் தப்பினார்கள். பிறப்பத்திரங்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் போயின.

நாட்டின் மின்சாரக் கதைக்கு வருகிறேன். 1996இல் மழை பொய்த்தது. தண்ணீரையே நம்பியிருந்த நாடு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. அந்தப் பயம் எண்ணெய்க்கும், பின் நிலக்கரிக்கும் வழிவிட்டது. புத்தளம் நுரைச்சோலையில் முந்நூறு முந்நூறாக மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட், 2011 முதல் 2014 வரை ஒவ்வொன்றாக வந்தன. கரியைக் கப்பலில் கொண்டுவர வேண்டும், டொலர் கொடுக்க வேண்டும். 2022இல் டொலர் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் சொன்ன கதைகளை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஓடை எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. பெல்டன் சக்கரம் இருந்த கொட்டகையில் ஆடு கட்டியிருந்தார்கள்.

சோலாரும் இதற்குள் வளர்ந்திருந்தது. 2011இல் ஹம்பாந்தோட்டையில் ஒரு மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பூங்காவோடு தொடங்கியது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்று கூரைச் சோலாருக்கு அரசே இயக்கம் தொடங்கியது. வீட்டுக்காரர் தன் கூரையில் செய்யும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கலாம் என்றானது. 2022 அடித்த அடியில் வசதியுள்ளவர்கள் எல்லோரும் கூரைக்குத் தகடு ஏற்றினார்கள். 2025இன் தொடக்கத்தில் கூரைச் சோலார் மட்டும் 1,300 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலையை விடப் பெரிது.

அந்த வருடம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு காலை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டு நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைப் பேசினார்கள். எனக்கு அப்பாவின் கவர்னர்தான் நினைவில் நின்றது. ஞாயிறு பகலில் கந்தோர் மூடியிருக்கும், தொழிற்சாலை மூடியிருக்கும், சுமை குறைவு. வெயிலோ முழு வீச்சில். தேவையில் பெரும்பங்கைச் சோலார் கொடுக்கும்போது, கனத்த சக்கரங்கள் பலவற்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். சுற்றும் இரும்பின் கனம்தான் ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்கிப் பிடிப்பது. தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. பிடிமானம் மெலிந்திருந்த நேரத்தில் தட்டு விழுந்தது, எல்லாம் சரிந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தபோது மின்சார சபை கூரைச் சோலார்க்காரர்களைக் கேட்டுக்கொண்டது: ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில், பிற்பகல் மூன்று மணி வரை, தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்த நாடு மூன்றே வருடத்தில், வேண்டாம், வெளிச்சம் கூடிவிட்டது என்று சொன்னது.

பகலில் சேர்த்து இரவில் செலவழிக்க ஒரு தொட்டி வேண்டும். எங்கள் மலையில் அதைக் கருங்கல்லில் கட்டியிருந்தார்கள். நாட்டுக்கு இன்னும் அது சரியாகக் கட்டப்படவில்லை. பகல் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி இரவில் இறக்கும் மகா ஓயாத் திட்டம், 600 மெகாவாட் என்று பேசப்படுவது, இன்னும் கடதாசியில்தான். மொனராகலை மாவட்டம் சியம்பலாண்டுவவில் 100 மெகாவாட் சோலாரோடு பெட்டரியும் வைக்கும் திட்டம் இருக்கிறது. பகலில் சேர்க்க ஒரு தொட்டி வேண்டும் என்பது தேயிலை ஸ்டோருக்கும் பொருந்தும். பல தோட்டக் கம்பனிகள் இப்போது ஸ்டோர்க் கூரைகளில் தகடு பூட்டுகின்றன. ஆனால் ரோதை இன்றைக்கும் விடியுமுன்தான் ஓடுகிறது. பகலில் விற்று இரவில் வாங்குகிறார்கள். கணக்கில் நேராகும், கம்பியில் நேராகாது.

கரியிலிருந்து வெயிலுக்குத் திரும்பிய பெரிய கம்பனியின் கதையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சம்பூருக்குப் போக வேண்டும். என் மகள் மூதூரில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் அந்த மண் எனக்குப் பழக்கம். என்.டி.பி.சி. என்பது இந்திய அரசு 1975இல் தொடங்கிய மின் கம்பனி. நிலக்கரியை எரித்தே இந்தியாவின் மிகப் பெரிய மின் உற்பத்தியாளராக வளர்ந்தது. 2006இன் கடைசியில் அது இலங்கை அரசோடும் மின்சார சபையோடும் உடன்படிக்கை செய்து, பிறகு சம்பூரில் 500 மெகாவாட் அனல் நிலையம் என்று தீர்மானமானது. அதே 2006இல்தான் சம்பூர் சனங்கள் குண்டுக்குத் தப்பி ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். அவர்கள் கிளிவெட்டி முகாமில் கூடாரத்தில் இருக்க, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகி, பிறகு முதலீட்டு வலயமாகவும் ஆனது. 2011இல் சபையும் என்.டி.பி.சி.யும் பாதிப் பாதியாகத் திருகோணமலை மின் கம்பனி என்று ஒன்றை அமைத்தன. காற்றும் கடலும் கெடும் என்று சனங்களும் சூழலியலாளரும் நீதிமன்றம் வரை போனார்கள். 2016இல் அனல் நிலையம் இல்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குள் 2015 முதல் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தார்கள். 2022 மார்ச்சில், மின்வெட்டின் நடுவில், அதே கூட்டுக் கம்பனி சம்பூரில் சோலார் நிலையத்துக்குக் கையெழுத்திட்டது. 2025 ஏப்ரல் 5இல் மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே 120 மெகாவாட் திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள். கூரைச் சோலார்க்காரர்களை நிறுத்தச் சொன்ன அந்தப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முந்தி.

கம்பனி உண்மையாகவே மாறுகிறது. 2032க்குள் 60,000 மெகாவாட் புதுப்பிக்கக்கூடிய சக்தி என்று அது குறி வைத்திருக்கிறது. கரி நிலையங்களையும் மூடிவிடவில்லை. சம்பூரில் புகைபோக்கி எழாமல் போனதை நான் நிம்மதியோடு பார்க்கிறேன். ஆனால் புகை வேண்டாம் என்று சனங்கள் போராடியது சூழலுக்காக மட்டும் இல்லை, காணிக்காகவும்தான். சோலாருக்குக் கரியை விட அதிக இடம் வேண்டும். அதே திருகோணமலை மாவட்டத்தில் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பயிர் செய்துவந்த நிலம் சோலாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வயல் இழந்தவனுக்கு அது கரிக்காகப் போனதா, வெயிலுக்காகப் போனதா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் பூர்வீகம் இராமநாதபுரம் சீமை, கமுதிப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். பஞ்சத்தில் கிளம்பியவர்கள். மழையில்லாத அந்த வெயிலைப் பற்றி அப்பாயி பேசும்போது குரலில் பயம் இருக்கும். இராமேஸ்வரம் யாத்திரை போனபோது அந்தப் பக்கம் போனேன். 2016இல் அதானி கம்பனி கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையத்தை ஓடவிட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே மிகப் பெரியது என்றார்கள். சுமார் 2,500 ஏக்கர், இருபத்தைந்து இலட்சம் தகடுகள். எங்களை மன்னார்வரை விரட்டிய அதே வெயில் இன்று விலைபோகிறது. வேலியோரமாக நெடுநேரம் நின்று பார்த்தேன். உள்ளே ஆளே தென்படவில்லை.

எல்கடுவயில் இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1992இல் அரசுத் தோட்டங்களைக் கம்பனிகளாகப் பிரித்தபோது ஒன்றுக்கு எல்கடுவயின் பெயரையே வைத்தார்கள். அது இன்று அரசின் கையில் இருக்கிறது. 1996இல் தனியார் சிறு நீர்மின் நிலையங்களிடம் மின்சார சபை மின்சாரம் வாங்கத் தொடங்கிய பிறகு, மலையகத்து ஓடைகளுக்கு மறுபடி விலை வந்தது. நாட்டில் இன்று இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் ஓடுகின்றன. சில இடங்களில் பழைய தோட்டத்து அணை இருந்த அதே பள்ளத்தில். இந்தியாவின் நன்கொடையில் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குத் தலா ஐந்து கிலோவாட் கூரைச் சோலார் கொடுத்தார்கள். இருபத்தைந்து மாவட்டத்துக்கும் அது போனது. கோயில் கூரைக்கு உறுதி இருக்கிறது. அதனால் அங்கே பூட்டுவதில் சிக்கல் இல்லை.

என் தம்பி மகன் சோலார் பூட்டும் வேலைக்குப் போகிறான். கண்டியிலும் மாத்தளையிலும் ஹோட்டல்களுக்கும் மாடி வீடுகளுக்கும் தகடு ஏற்றுகிறான். எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும், எந்தக் கொப்பின் நிழல் எத்தனை மணிக்கு விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். அவனுடைய பாட்டன் தண்ணீரைப் பார்த்த பார்வை அது. அவன் வாழ்வது இன்னும் லயக் காம்பராவில். தோட்டத்து வீடமைப்பில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது பல வருடமாகப் பேசப்படும் கணக்கு. சிலருக்கு வீடு வந்திருக்கிறது, வந்தவர்களிலும் எல்லோருக்கும் உறுதி வரவில்லை. அவன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். தன் கூரையில் இரண்டு கிலோவாட் போட எவ்வளவு செலவாகும் என்று அவனுக்கு மனப்பாடம். வேலைக்கூலி அவனுடையதே, பெனலுக்கு மட்டும் கடன் வேண்டும். வங்கிக்குப் போய் விசாரித்தான். சம்பளச் சீட்டு சரி, அடையாள அட்டை சரி, காணி உறுதியின் பிரதி ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்தப் பிரதிக்காகத்தான் பிரதேச செயலகத்துக்கும் தோட்டக் கந்தோருக்கும் அவனும் நானும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.